டேர்

புதுவயலில் ரைஸ்மில் போகிற ரோட்டில்
ஒரு ஷட்டர், ஒரு குட்டி யானை வண்டி, ஒன்பது பேர்.
மின்தராசு விற்போம், பழுது பார்ப்போம்.
முத்திரை போட ஆபீசர் வரும் நாளில்
இருபது கிலோ இரும்புக் கட்டிகளை
முதுகு பிடிக்கத் தூக்கி வைப்போம்.
ஐம்பது கிராம் பிசகினாலும்
சண்டைக்கு வருகிற ஊர்.
கணக்கு எழுதுவது நான்.

ஆரம்பித்தது ஜஹாங்கீர்.
டீ கிளாஸோடு கொல்லைக் கதவைத் திறந்து
'அங்க என்ன இருக்கு?' என்றான்.
குப்பை, என்றேன்.
'அதுக்குக் கீழ?'
பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம்.
வடக்கெல்லை: ஊருணி.

நாச்சம்மை மேடம் யோசித்த நேரம்
ஒரு போன் மணி அடித்து ஓயும் நேரம்தான்.
'ரெண்டாம் சனிக்கிழமை அரை நாள்.
சம்பளம் உண்டு. இட்லி உண்டு.
போட்டோ கிடையாது.'

சீமைக்கருவேலம் முதல் சனிக்கிழமையைத் தின்றது.
அழகுபாண்டி குதிகாலில் ஏறிய முள்ளை
பில் போடும் ஆரோக்கியசெல்வி
ஊக்கு நுனியால் எடுத்தாள்.
ஊசி நூற்றியிருபது ரூபாய்,
இதர செலவில் எழுதினேன்.

அள்ளியதை எல்லாம் எடை போட்டோம்.
யாரும் சொல்லவில்லை, பழக்கதோஷம்.
மூட்டைக்கு நம்பர், நம்பருக்குச் சீட்டு.
பான்பராக் சரம், ஒற்றைச் செருப்பு,
யாரோ ஒருவரின் முழு எக்ஸ்ரே.
நானூற்றுப் பன்னிரண்டு கிலோ முந்நூற்றைம்பது கிராம்.

மூன்றாம் மாதம்
செம்புறாங்கல் படி ஒன்று தெரிந்தது,
பிறகு இன்னொன்று.
அதற்கும் கீழே கடப்பாரை
மெத்தென்று இறங்கியது.
தெர்மாகோல்.
மூலைக்கு மூலை வைக்கிற வெள்ளைக் கட்டி
நூறா இருநூறா, சேற்றுக்குள் அடுக்கடுக்காக.
துடைத்துப் பார்த்தான் சின்னையா.
எங்கள் கம்பெனி முத்திரை.
மேடத்தின் அப்பா காலத்துப் போன் நம்பர்,
ஐந்து இலக்கம்.

ஊருணி எதையும் செரிக்கவில்லை.
விலாசம் அழியாமல் வைத்திருந்தது.

டேர் என்று ஒரு பொத்தான் உண்டு தராசில்.
அமுக்கினால்
பாத்திரத்தின் கனம் இல்லாமல் போகும்,
சரக்கு மட்டும் நிற்கும்.
அன்றைக்கு அதன் பக்கம்
யார் விரலும் போகவில்லை.
எங்களுடையது: அறுபத்தொரு கிலோ.
தனிச் சீட்டு. மேடம் கையெழுத்து.

மில் சங்கத்தில் பாராட்டு வைத்தார்கள்.
சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் நிறுவனம் என்று
பன்னிரண்டடிக்கு பேனர்.
மேடம் பொன்னாடையோடு திரும்பி வந்து
அதை மேஜையில் போட்டுவிட்டு
'முதல்ல திருப்பிக் கொடுத்தது அது' என்றார்.
பேனர் இப்போது சிமெண்ட் மூட்டைக்குப் போர்வை.

இப்போதெல்லாம் வைக்கோல் சுற்றித்தான் அனுப்புகிறோம்.
கண்டனூர் மில்லில் இருந்து திட்டு:
எட்டு காட்டவேண்டிய இடத்தில் துரும்பு காட்டுகிறதாம்.
அழகுபாண்டி பிரஷ்ஷோடு போனான்.
சர்வீஸ் சார்ஜ் இல்லை.
இந்த வகையில் நஷ்டம் எவ்வளவு என்று
மேடம் கேட்கவில்லை,
நானும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
வரத்துக்கால் வழியாகச் செந்தண்ணீர் வந்தது.
காலையில் இரண்டு படி முழுகியிருந்தது.
ஜஹாங்கீர் பில்லின் பின்பக்கம் பெருக்கினான்:
நாற்பது மீட்டர், முப்பது மீட்டர், அரை ஆழம்.
'அறுநூறு டன்.'
எங்களுக்குத் தெரிந்த பெரிய வேபிரிட்ஜே
அறுபது டன்னோடு நின்றுவிடும்.

லோடுமேன் ஒருவர் வந்தார்.
உமி ஒட்டிய கால்களைக் கழுவினார்,
முகம் கழுவினார்,
ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்துத்
தலைக்கும் ஊற்றிக்கொண்டு போனார்.
யார் தூர் வாரியது என்று கேட்கவில்லை.
ஏன் கேட்கவேண்டும்?

படியில் கிடந்த காலி பாக்கெட்டை
ஆரோக்கியசெல்வி எடுத்து வந்து
ஷோரூம் தராசில் வைத்தாள்.
பூஜ்யம்.
'அதுக்கெல்லாம் இது காட்டாது' என்றேன்.
'தெரியும்' என்றாள்.
எடுக்கவில்லை.